போன வருஷத்துப் பஞ்சாங்கம் - ஆன்ட்டி வைரஸுக்கு ஏன் வருடா வருடம் பணம்?



"அதான் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கியாச்சே, மறுபடியும் எதுக்கு?"

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது அப்பா கேட்ட கேள்வி இது. வீட்டுக் கணினியில் இருந்த ஆன்ட்டி வைரஸுக்கு ஒரு வருடக் கெடு முடிந்திருந்தது. தினமும் திரையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கும். நானும் தினமும் "பிறகு நினைவூட்டு" என்பதை அழுத்திவிட்டு விளையாடப் போய்விடுவேன். இப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. அதன்பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவின் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது பி.காம். படிப்பதால் அதை வேறு மாதிரிக் கேட்கத் தோன்றுகிறது. ஆன்ட்டி வைரஸ் என்பது சரக்கா, சேவையா? பதிலைத் தேடிப் போனால் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டியிருக்கிறது.

லாகூரில் ஒரு கடை

ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1986-ல் வந்த "பிரெய்ன்". எழுதியவர்கள் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற ஃபரூக் ஆல்வி சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே அதைச் செய்ததாகச் சொன்னார்கள். பிளாப்பியின் தொடக்கப் பகுதியில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், அந்த வைரஸுக்குள்ளேயே அவர்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. கூடவே, தடுப்பூசிக்கு எங்களை அணுகவும் என்ற பொருளில் ஒரு வரியும்! நோயும் மருந்தும் ஒரே கடையில் என்ற சந்தேகம் மக்களுக்கு அன்றே வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

பட்டியல்தான் உயிர்

1987-லேயே ஆன்ட்டி வைரஸ் ஒரு தொழிலாகத் தொடங்கிவிட்டது. இந்த மென்பொருள் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு வைரஸின் நிரலிலும் அதற்கே உரிய ஒரு துண்டு இருக்கும். அந்தத் துண்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பாகத் தேட வேண்டியதுதான். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒட்டியிருக்கும் "தேடப்படுபவர்கள்" படத்தைப் போல. படத்தில் இல்லாத திருடன் ஸ்டேஷன் வாசலிலேயே டீ குடித்துவிட்டுப் போகலாம்.

அப்படியானால் எல்லா வைரஸையும் பிடிக்கும் ஒரே மென்பொருளை எழுதிவிட்டால் என்ன? முடியாது. ஒரு நிரல் வைரஸா இல்லையா என்பதை எல்லா நேரத்திலும் தவறில்லாமல் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹன் 1980களிலேயே கணித ரீதியாக நிறுவிவிட்டார். அதனால் பிற்காலத்தில் நடத்தையை வைத்துச் சந்தேகப்படும் முறைகள் வந்தபோதும், புதுப் புதுத் தகவல் சேர்த்துக்கொண்டே இருக்கும் வேலை ஓயவில்லை. அப்டேட் இல்லாத ஆன்ட்டி வைரஸ், போன வருஷத்துப் பஞ்சாங்கம். அட்டை அழகாகத்தான் இருக்கும், முகூர்த்தம் குறிக்க உதவாது.

பிளாப்பியில் வந்த அப்டேட்

ஜான் மெக்காஃபி 1987-ல் கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலிருந்து தொழிலைத் தொடங்கினார். அவர் மென்பொருளைக் கடையில் வைத்து விற்கவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய புல்லட்டின் போர்டுகளில் போட்டுவிட்டார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனங்கள் மட்டும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். முதலில் பழக்கம், பிறகு பணம். இன்று செல்போன் செயலிகள் செய்வதும் இதுதானே?

1992-ல் "மைக்கலாஞ்சலோ" பீதி வந்தது. அந்த ஓவியரின் பிறந்த நாளான மார்ச் 6 அன்று வட்டில் உள்ளதை அழிக்கும் வைரஸ் அது. ஐம்பது லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியில் பாதிப்பு சில ஆயிரங்களோடு நின்றது. ஆனால் ஆன்ட்டி வைரஸ் விற்பனை எகிறியது. அதே ஆண்டு அக்டோபரில் மெக்காஃபி நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சய் எழுதிய நிரலை 1990களின் நடுவில் விற்கத் தொடங்கினார். அதுதான் குவிக் ஹீல். பழுதுக்கு வந்த கணினிகளில் திரும்பத் திரும்ப வைரஸைப் பார்த்ததிலிருந்து பிறந்த தொழில். 2016-ல் அவர்களும் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டார்கள்.

இணையம் வந்த பிறகு

பிளாப்பியில் வைரஸ் ஊர் ஊராகப் போக மாதங்கள் ஆனது. அதனால் மாதம் ஒரு அப்டேட் போதுமாக இருந்தது. 2000 மே 4 அன்று பிலிப்பைன்ஸில் இருந்து கிளம்பிய "ஐ லவ் யூ" ஒரே நாளில் உலகம் சுற்றியது. மாத அப்டேட்டின் காலம் அத்தோடு முடிந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். வைரஸ் பட்டியலைப் புதுப்பிப்பது ஒரு வேலை. விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் நாம் அப்டேட் என்றே சொல்கிறோம், இரண்டும் வேண்டும்.

2003 ஜூலை 16 அன்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஓட்டை வழியாக "பிளாஸ்டர்" நுழைந்தது. இடையில் 26 நாட்கள் இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் அடைக்கவில்லை. அந்தப் புழு எதைத் தாக்கக் குறி வைத்தது தெரியுமா? விண்டோஸ் அப்டேட் இணையதளத்தை! 2008-ல் வந்த "கான்ஃபிக்கர்" இன்னும் கெட்டிக்காரன். நுழைந்தவுடன் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் தளங்களுக்குப் போக முடியாமல் தடுத்தது. அப்டேட்டின் அருமை நம்மைவிட வைரஸ் எழுதுபவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

2017-ல் அதே கதை. மார்ச் 14-ல் திருத்தம், மே 12-ல் "வான்னாக்ரை". சுமார் 150 நாடுகள். இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

கணக்குப் புத்தகம் சொல்லும் பதில்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். ஒரு வருடச் சந்தாவாக நாம் கட்டும் பணத்தை அந்த நிறுவனம் அன்றே முழு வருமானமாக எழுதிக்கொள்ள முடியாது. அது முன்கூட்டிப் பெற்ற வருமானம். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும். மாதங்கள் போகப் போகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வருமானமாகும். அதாவது அவர்கள் நமக்கு இன்னும் வேலை செய்ய வேண்டிய கடன் பாக்கி இருக்கிறது என்று அவர்கள் கணக்கே சொல்கிறது. நாம் வாங்கியது பெட்டியில் இருந்த சி.டி.யை அல்ல, கூர்க்காவின் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறோம். வருடம் முடிந்தால் விசில் மட்டும் வீட்டில் கிடக்கும், ஆள் இருக்க மாட்டார்.

அதற்காக நிறுவனங்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் சந்தாவைத் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்த புகாரில், 2009-ல் மெக்காஃபியும் சிமான்டெக்கும் நியூயார்க் மாநிலத்துக்கு ஆளுக்கு 3,75,000 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டன. அப்டேட்டே ஆபத்தான நாட்களும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு தவறான பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி-யின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்து, கணினிகளை முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. நம் விமான நிலையங்களில் கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஆன்ட்டி வைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இலவசமாக வருகிறது. கவனமாக இருக்கும் வீட்டுப் பயனாளர் பலருக்கு அதுவே போதும். காசு கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கெடு முடிந்த ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, காவல் இருக்கிறது என்று நம்புவதுதான் மோசம். புதுப்பியுங்கள், இல்லையென்றால் நீக்கிவிட்டு உள்ளே இருப்பது இயங்குகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பென் டிரைவை ஒருநாள் கணினியில் செருகினேன். கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. பழுது பார்க்க வந்தவர் "எல்லாம் போச்சு, ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்" என்றார். அப்பா சரி என்றார். கடைக் கணக்கு மூன்று வருடத்துடையதும், தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் போயின. கணக்கை அப்பா பில் புத்தகங்களை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து மறுபடி எழுதினார். படங்களுக்கு பில் புத்தகம் கிடையாது.

கல்லூரிக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அந்த வகை வைரஸ் பொதுவாகக் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்து மட்டும்தான் வைக்கும். ஒரு வரிக் கட்டளையில் மீட்டிருக்கலாம். அனேகமாக எல்லாமே உள்ளேயேதான் இருந்திருக்கும். அழித்தது நாங்கள்.

இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அவரே ஒரு வெளி வட்டை எடுத்து வந்து நீட்டுவார், "காப்பி போட்டுடுப்பா" என்று. போட்டுவிட்டு, அப்டேட் தேதியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

நீங்களும் இதைப் படித்து முடித்த கையோடு ஒருமுறை அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.