மனிதன் மருந்தும் வாயில்லா உயிரும்

தசராவிற்கு முன்னர் மைசூரில் நடைபெறும் பீரங்கி ஒத்திகையை நேயர்களுள் பலர் கண்டிருக்கக்கூடும். காட்டு முகாம்களிலிருந்து அழைத்துவரப்பெற்ற யானைகளையும், காவற்படைக் குதிரைகளையும் நிறுத்தி வைத்து, அவை கேட்கும்படி பீரங்கிகளை முழக்குவார்கள். முதல் நாள் மிரளும் புதிய யானை, மூத்த யானைகளின் நடுவே நின்று, பாகனின் குரலைக் கேட்டுச் சிறிது சிறிதாகத் தேறும். விஜயதசமியன்று 21 குண்டுகள் முழங்கும்போது அது நிலைகுலையாதிருப்பது இப்பழக்கத்தின் பயனேயாகும்.

தசரா கழிந்த சில வாரங்களில் தீபாவளி வருகிறது. சென்ற தீபாவளி இரவில், எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர், வெடியோசைக்கு அஞ்சிக் கட்டிலடியில் நடுங்கிய தம் நாய்க்கு, தாம் உறக்கத்திற்காக உட்கொள்ளும் மாத்திரையில் பாதியைக் கொடுக்க முற்பட்டார். "எனக்கு அமைதி தருவது இதற்குத் தராதா?" என்பது அவர் கேள்வி. அதற்கு வரலாறு விடை கூறுகிறது.

மனக்கலக்கத்தைத் தணிக்கும் புதிய மருந்துகளின் கதையில் நம் நாட்டு வேர் ஒன்றிற்கும் பங்குண்டு. சர்ப்பகந்தி வேரைச் சித்தப்பிரமைக்கும் இரத்தக் கொதிப்பிற்கும் கொடுத்துக் கண்ட பயனை 1931-ஆம் ஆண்டில் சென், போஸ் என்னும் வங்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் மனநோயாளர்க்குக் குளோர்ப்ரோமசின் வழங்கப்பெற்றது. இவ்விரண்டும் நாளடைவில் கால்நடை மருத்துவரின் கைப்பையிலும் இடம்பெற்றன. பின்னர் அமெரிக்காவில் 1998-இல் குளோமிப்ரமினும், 2007-இல் ஃபுளுவாக்செடினும், வளர்ப்பவரைப் பிரிந்தால் கலங்கும் நாய்களுக்கென அனுமதி பெற்றன. அவற்றை நடத்தைப் பயிற்சியுடன் சேர்த்தே கொடுக்கவேண்டும் என்பது விதி.

ஆகவே பெரியவரின் எண்ணம் முற்றும் பிழையன்று. உடலின் வேற்றுமையை அறியாமல், அளவும் தெரியாமல் கொடுப்பதே பிழை. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவு இல்லை; ஒரே மாத்திரையால் அதன் உயிர் போகலாம். நம் வலியைப் போக்கும் ஐபுபுரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது.

இவ்வுண்மைக்குப் பெருஞ்சான்று, மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழியிலுள்ள இராமநகரக் குன்றுகளில் இருக்கிறது. மனிதரின் வலிக்கு வழங்கும் டைக்ளோஃபினாக், மாடுகளுக்கும் கொடுக்கப்பட்டு வந்தது. மாடுகள் அதைத் தாங்கின. ஆனால் அம்மருந்து உடலில் தங்கியிருக்க இறந்த மாடுகளைத் தின்ற பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சிறுநீரகம் கெட்டு மாண்டன. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தன. 2004-இல்தான் காரணம் விளங்கியது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. எஞ்சிய பாறுகளைக் காக்க, இராமநகரத்தை அடுத்த இராமதேவர் பெட்டா 2012-இல் சரணாலயமாக்கப்பட்டது. நன்மை கருதிக் கொடுத்த மருந்தே ஓர் இனத்தை அழிவின் விளிம்பிற்குக் கொண்டுசென்றது.

அன்றிரவு பெரியவர் மாத்திரையைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். சன்னல்களைச் சாத்தி, வானொலியை வைத்து, விடியும்வரை நாயின் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் அதனை அழைத்துச் சென்றார். இவ்வாண்டு ஆவணி மாதத்திலிருந்தே நாள்தோறும் மாலையில் அவர் வீட்டில் தாம்பாளத்தை மெல்லத் தட்டும் ஓசை கேட்கிறது. பிறகு, "பயப்படாதே" என்ற குரலும், ஒரு துண்டு ரொட்டிக்காக நாய் ஓடிவரும் சத்தமும் கேட்கின்றன. நாளுக்கு நாள் அவ்வோசை சற்றே உரத்து வருகிறது. மைசூர் யானைகள் கற்ற பாடத்தையே அந்நாயும் கற்று வருகிறது.