பட்டாசுக்குப் பயப்படாத ராஜபாளையம் குட்டி

ராஜபாளையத்தில் மாமா வீட்டில் ஒரு தீபாவளி. தெரு முழுக்க சிவகாசி சரவெடி. மத்த நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில். ஒரு வெள்ளைக் குட்டி மட்டும் திண்ணையில் அசையாமல் தூங்குது. "வேட்டை நாய் ரத்தம்டா மாப்ள" என்றார் மாமா. நானும் நம்பினேன். ஒரு வாரம் கழித்து கால்நடை மருத்துவர் சொன்னார்: அதுக்குக் காது கேட்காது.

இந்தக் கதையோட ஆரம்பம் ரொம்பப் பழசு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம் இது. போகப்போக பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் 'அசல்' என்று ஆனது. நிறம் கலந்த குட்டிகள் ஒதுக்கப்பட்டன. 2005 ஜனவரி 9 அன்று வந்த இந்திய தபால்தலையிலும் ராஜபாளையம் நாய் உண்டு. ஆனால் தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லையென்றால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதுவும் இந்தக் குறையைக் குட்டிகளுக்குக் கடத்தலாம்.

அதே ஈத்தில் இன்னொரு குட்டிக்குத் தொப்புளில் வீக்கம். அமுக்கினால் உள்ளே போகும். குடலிறக்கம். சின்னதாக இருந்தால் தானே மூடிக்கொள்ளலாம். பெரிசாக இருந்தால் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஆபரேஷன்தான் வழி. "தைச்சாச்சுன்னா இனத்துக்கு விடலாம்ல?" என்று மாமா கேட்டார். நம்ம பாஷையில் சொன்னால், சர்வரில் பேட்ச் போட்டாச்சு, சோர்ஸ் கோடில் பக் அப்படியே இருக்கு. நாய்களில் தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தையல் அந்த நாயைக் காப்பாற்றும், அதன் குட்டிகளை அல்ல.

1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியது. இனம் அழியக்கூடாது என்ற அக்கறை நியாயமானதுதான். ஆனால் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்தால் மறைந்திருக்கும் குறையும் சேர்ந்தே பெருகும்.

கடைசியில் மாமா இரண்டு குட்டிகளுக்கும் கருத்தடை செய்தார். அந்த ஜோடியையும் மறுபடி சேர்க்கவில்லை. அடுத்த முறை குட்டி வாங்கப் போகும்போது மூக்கு நிறத்தைப் பார்க்கும் முன்னாடி மூன்று கேள்வி கேளுங்க: தாய் தகப்பன் ரெண்டுக்கும் சொந்தம் உண்டா? காது பரிசோதிச்சாச்சா? முந்தின ஈத்துக் குட்டிகள் எப்படி இருக்கு?

அந்தக் காது கேட்காத குட்டி இப்போ கைச் சைகைக்கு ஓடி வருது. தீபாவளிக்கும் நிம்மதியா தூங்குது.