ஊதாப் பூ வெள்ளையான கதை

இன்கிளிசிரான் என்று ஒரு ஊசி. ஆரம்ப டோஸ்களுக்குப் பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும், கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு பூச்செடியில் போய் நிற்போம். நம்ப முடியலையா? வாங்க, சொல்றேன்.

1990. கலிபோர்னியாவில் கரோலின் நேப்போலி, ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்தார்கள். நிறமி தயாரிக்கும் மரபணுவில் கூடுதலாக ஒரு நகலைச் செடிக்குள் வைத்தார்கள். நிறம் கூடணும் இல்லையா? பூத்ததோ வெள்ளைப் பூ! வைத்த நகலும் வேலை செய்யலை, செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து அடங்கிவிட்டது. அதே வருடம் நெதர்லாந்திலும் இதே கதை.

என்னதான் நடந்தது?

மரபணுவை டாக்டர் என்று வையுங்க. அவர் எழுதித் தரும் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. அது பார்மசிக்குப் போனால்தான் மாத்திரை, அதாவது புரதம். வழியிலேயே யாரோ சீட்டைக் கிழித்துவிட்டால்?

கிழித்தது யார் என்பதற்குத் துப்பு கிடைத்தது 1999இல். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மரபணு அடங்கிப்போன செடிகளில் சுமார் 25 எழுத்து நீளமே உள்ள குட்டி ஆர்என்ஏக்களைக் கண்டார்கள். வைரஸ் தாக்கிய செடியிலும் அவை இருந்தன. செடிக்கு நம்மைப்போல ஆன்டிபாடி கிடையாது. வைரஸின் ஆர்என்ஏவைத் துண்டாக்கி, அந்தத் துண்டையே அடையாளமாக வைத்து மிச்ச வைரஸைத் தேடி வெட்டுகிறது. பெட்டூனியாவில் அந்தக் கத்தி சொந்தச் சீட்டின் மேலேயே திரும்பிவிட்டது.

2002இல் இன்னொரு விஷயம் தெரிந்தது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடி, தன் மரபணுக்களை அடக்கி வைக்கவும் மைக்ரோ ஆர்என்ஏக்களைத் தயாரிக்கிறது. இலையின் வடிவம், பூக்கும் காலம் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

புழுக்களில் இதே துறையில் ஆய்வு செய்தவர்களுக்கு 2006, 2024 என இரண்டு முறை நோபல் கிடைத்தது. செடியில் கண்டவர்களுக்கு இரண்டு முறையும் இல்லை.

ஆனால் மருந்து வந்துவிட்டது. இந்த வழியில் வேலை செய்யும் முதல் மருந்து பேட்டிசிரானுக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நரம்புகளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கானது அது. இன்கிளிசிரான் பின்னாலேயே வந்தது. (இதைப் படித்துவிட்டு கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்திடாதீங்க!)

"பூவோட கலரை ஆராய்ச்சி பண்ண இவ்வளவு செலவா?" என்று அடுத்த தடவை யாராவது கேட்டால், இந்த வெள்ளைப் பூவைப் பற்றிச் சொல்லுங்க.