தமிழ் வாசிப்புப் பயிற்சியில் செவியின் ஸ்தானம்

தமிழ்க் குழந்தைக்கு வாசிப்பு சிரமமாவதற்கு 247 எழுத்துக்களின் பெருக்கமே காரணமென்பது உபாத்தியாயர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் அபிப்பிராயம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் போக எஞ்சும் 216 உயிர்மெய்களும் பெரும்பாலும் சில குறிகளின் கிரமமான சேர்க்கையே என்பதையும், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலியவற்றின் தனி வடிவங்களை விலக்கி அக்கிரமத்தை மேலும் சீராக்கிற்று என்பதையும் கருதினால், அது நிலைபெறுவது அரிது. 'கெ' என்பதில் பின்னே ஒலிக்கும் உயிரின் கொம்பு முன்னே நிற்பதால் குழந்தை சற்றே தடுமாறும்; அது பழக்கத்தால் தீர்ந்துவிடும்.

உண்மையான இடர் செவியைப் பொறுத்தது. கல், பக்கம், தங்கம், அகம் என்னும் நான்கு சொற்களிலும் ககரம் ஒரே உச்சாரணம் பெறுவதில்லை. ஆயினும், இவ்வேறுபாட்டை ஒருவரும் விதியாகச் சொல்லிக் கொடுக்காதிருக்க, சொல்லை அறிந்த குழந்தை பிழையின்றி ஒலித்துவிடுகிறது. காது முன்பே அறிந்த இடத்தில் கண்ணுக்குச் சங்கடமில்லை. 'வந்துவிட்டார்கள்' என்று அச்சிட்டிருப்பதோ வேறு விஷயம். வீட்டில் 'வந்துட்டாங்க' என்றே கேட்டு வளர்ந்த செவிக்கு அது பாதி அந்நியமான பாஷை. அச்சொல்லைக் கண்டு 'வந்துட்டாங்க' என்று படிக்கும் பிள்ளையைப் பிழை செய்ததாகக் கடிந்துகொள்கிறோம். என் கருத்தில் அப்பிள்ளையே மெய்யாக வாசித்தவன். எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒப்பித்துவிட்டுப் பொருள் கேட்டால் விழிப்பவன் இன்னும் வாசிக்கத் தொடங்கவில்லை.

மணலில் விரலால் எழுதவைத்த பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அம்மணலெழுத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியில் அதனைக் கையாண்டு, பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து, 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். மணலையும் சட்டாம்பிள்ளையையும் உலகம் கவனித்தது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் காதுவழி மனத்தில் ஊறியதைக் கவனித்தவர் குறைவு. பொருளறியா நெட்டுரு என்று அதனைப் பழிப்பதில் நியாயமுண்டு. பிரம்பும் அங்கே இருந்தது. எனினும், ஏட்டைக் கையில் எடுக்குமுன்னரே எழுத்து வழக்கின் விகுதிகளும் ஓசையும் குழந்தைக்குப் பரிச்சயமாகிவிட்டன. மனப்பாடத்தைத் தள்ளிய நாம், அது செய்துவந்த இந்தக் காரியத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யவில்லை.

ஆதலின் ஆரம்ப வகுப்புகளில் உபாத்தியாயர் நாள்தோறும் நல்ல உரைநடைக் கதையொன்றை, பேச்சுவழக்கிற்கு மாற்றாமல், அச்சிலுள்ளவாறே நிதானமாகப் படித்துக் காட்டுதல் அவசியம். பிள்ளைகள் அதைத் தம் பேச்சில் திருப்பிச் சொல்லலாம். அதற்குத் தடை கூடாது.

நடுநிலை வகுப்புகளில் இதே இடர் வேறுருவில் திரும்புகிறது. 'மரத்தடியிலிருந்தெழுந்து' என்று புணர்ந்து கிடக்கும் தொடரை மரத்தடியில், இருந்து, எழுந்து எனக் கண்ட மாத்திரத்தில் பிரித்துணர வேண்டும். பதம் பிரித்தலை இலக்கணப் பாடத்துக்கென்று ஒதுக்கி, பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்குரிய வினாவாகச் சுருக்கிவிட்டோம். ஆறாம் வகுப்பு மாணவன் நீண்ட வாக்கியத்தின் நடுவே மூச்சுவிடும் இடத்தைக் கவனித்தாலே, அவன் சொற்களை எங்கே பிரித்தான், எங்கே பிரிக்கத் தவறினான் என்பது அவனருகில் நிற்கும் ஆசிரியருக்குக் கேட்டுவிடும்.