மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டி: குருநகர்க் கரையிலிருந்து ஒரு நோக்கு

பொருளாதாரத் தடைக்கால யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசுவோர், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகளைக் குறிப்பிடாது விடுவதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டுமே மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்தது. பழைய மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் அதிலேயே ஓடின. இதனைத் தமிழரின் மூளை அந்நாளிற் கண்ட புதுமையெனப் பெருமை கொள்வது எம்மிடையே வழக்காகிவிட்டது. அப்பெருமை உண்மையான வரலாற்றை மறைக்கின்றது என்பது என் கருத்து.

முதலில் அதன் முறையை நோக்குவோம். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசிலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதனால் இயங்காது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் விட்டு இயந்திரத்தை இயக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். இவ்விடத்தில் உதவியது வண்டியின் அமைப்பே. அப்பழைய பிரித்தானிய வண்டிகளில், எரிபொருட் கலவை உட்செல்லும் 'மனிபோல்ட்' குழாயும் புகை வெளியேறும் குழாயும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்திருந்தன. புகைக்குழாயின் சூடு மற்றதைத் தாக்க, மண்ணெண்ணெய் ஆவியாயிற்று. அமுக்க விகிதம் தாழ்வாக இருந்தமையால் தரங்குறைந்த எரிபொருளையும் இயந்திரம் ஓரளவு தாங்கிக்கொண்டது.

ஆனால் இம்முறை 1990இற் பிறந்ததன்று. பெற்றோலில் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயையொத்த எரிபொருளுக்கு மாறும் பேர்குசன் உழவு இயந்திரங்கள் 1949இலேயே பிரித்தானியாவில் வெளிவந்தன. எமது தோட்டக் கிணறுகளில் நீரிறைத்த இயந்திரங்களும் அவ்வாறே. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளில் கடலுக்குச் சென்ற மீனவருக்கு, பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றாடத் தொழில். தரைப்பாதை அடைபட்டபின் கிளாலிக் கடல்நீரேரியில் இரவிரவாக மக்களை ஏற்றிச் சென்றவையும் இத்தகைய படகுகளே. அப்பயணங்களில் உயிரிழந்தோர் பலர். கரையிலும் தோட்டத்திலும் இருந்த அறிவே தெருவுக்கு வந்தது. குருநகர் போன்ற கரையோர ஊர்களுக்கு இதில் உரிய பங்கை எவரும் எழுதிவைக்கவில்லை. படித்தவர் கார் வைத்திருந்தனர். மீனவர் படகு வைத்திருந்தனர். கதையில் எஞ்சியது கார்!

இம்முறைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. தீப்பொறிக் கட்டைகளிற் கரி படிந்தது. தெருக்களில் வெண்புகை கவிந்தது.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின், இன்ஜெக்ரர் பூட்டிய யப்பானிய வண்டிகள் பெருகின. அவற்றிற் காபரேற்றர் இல்லை. துளி விடுவதற்கு இடமுமில்லை. ஏறத்தாழ மூன்று வளிமண்டல அமுக்கத்தில், கணினியின் கட்டளைப்படி பெற்றோல் விசிறப்படுகின்றது. இன்ஜெக்ரர் பழுதாயின், பல வண்டிகளில் எரிபொருட் குழாயின் அமுக்கத்தை முதலில் இறக்கி, அதே மனிபோல்ட்டைக் கழற்றியே அதனை மாற்றவேண்டும்; திரும்பப் பூட்டும்போது புதிய கஸ்கற்றும் றப்பர் வளையங்களும் வேண்டும். அவை கொழும்பிலிருந்து வரவேண்டும். 1990இல் குடாநாட்டில் நின்றவை இத்தகைய வண்டிகளாயிருந்தால், அவற்றுட் பெரும்பாலானவை முற்றத்திலேயே துருப்பிடித்திருக்கும்.