மதுரை மாவட்ட ஊராட்சி

மூன்றடுக்கு ஊரக உள்ளாட்சியின் மேல் அடுக்கு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி அமைந்தது. இதன்கீழ் மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் உள்ளிட்ட 13 ஊராட்சி ஒன்றியங்களும் 420 கிராம ஊராட்சிகளும் உள்ளன. மதுரை மாநகராட்சி இதன் எல்லைக்குள் வராது.

மேல் அடுக்கு என்றாலும் கையிருப்பு சொற்பம். வீட்டுவரி கிராம ஊராட்சிக்கே உரியது; மாவட்ட ஊராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மாநில நிதி ஆணையப் பகிர்வையும் மத்திய நிதி ஆணைய மானியத்தையும் நம்பியே அது இயங்குகிறது. 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கப்பட்டதால், முன்னுரிமையின் பெரும்பகுதி தில்லியிலேயே முடிவாகிவிட்டது. மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவரே தலைவர். ஆட்சியர் துணைத் தலைவர். நடைமுறையில் யார் சொல் எடுபடும் என்பது ஊரறிந்தது.

உறுப்பினர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் தே. கல்லுப்பட்டியிலுள்ள மண்டல ஊரக வளர்ச்சி நிறுவனம் பயிற்சி அளிக்கிறது.

இம்மாவட்டத்தில் உள்ளாட்சியின் கடினமான சோதனை நிதி அல்ல, சாதி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவில்லை, 2006-இல்தான் நடந்தது. அவ்வாறே ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார்.

2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது.