பிளாஸ்மா திரையில் துள்ளும் புள்ளிகள்



பிளாஸ்மா தொலைக்காட்சிப் பெட்டியை இன்னும் வீட்டில் வைத்திருப்போர் சிலர் ஒரு குறை சொல்வதுண்டு. பகற்காட்சிகள் பளிச்சென்று இருக்கின்றன. இரவுக்காட்சி வந்தால் மட்டும், இருட்டில் யாரோ மணலைத் தூவியதுபோல் புள்ளிகள் துள்ளுகின்றன என்பர். பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, வீணாகப் பணம் செலவழித்தவர்களும் உண்டு. அந்தப் புள்ளிகளின் வரலாறு 1964ஆம் ஆண்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டோனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ என்னும் இருவரும், அவர்களுடைய ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் வில்சனும் புதிய திரை ஒன்றை உருவாக்கினர். தொலைக்காட்சி அவர்கள் நோக்கமன்று. ‘பிளேட்டோ’ என்ற கணினிவழிக் கல்வித் திட்டத்தில் பயிலும் மாணவர்களுக்குத் திரை தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்திற்காகப் பிறந்த பொருள் பின்னாளில் வரவேற்பறைக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அக்காலப் படக்குழாயில் எழுதிய எழுத்து உடனே மங்கிவிடும்; நொடிக்குப் பல தடவை மீண்டும் மீண்டும் எழுத வேண்டும். அதற்கு நினைவகம் வேண்டும். நினைவகமோ அன்று யானை விலை! ஆகவே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வாயுவை அடைத்து, மின்னழுத்தத்தால் அதனை ஒளிரச் செய்தனர். ஒரு சிற்றறையை ஏற்றிவிட்டால், அணைக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். திரையே நினைவகமாயிற்று. 1970களில் பிளேட்டோ மாணவர்கள் பார்த்த திரையில் 512க்கு 512 புள்ளிகள், தணல் போன்ற செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன.

இந்தச் சிறப்பிலேயே ஒரு சிக்கலும் இருந்தது. சிற்றறை ஒன்று எரியும் அல்லது அணைந்திருக்கும், அரைகுறையாக எரியாது. எழுத்துக்கு அது போதும். மனித முகத்தின் கன்னத்து நிழலை எப்படிக் காட்டுவது?

ஜப்பானின் புஜிட்சு நிறுவனத்தில் சுட்டாயே ஷினோடாவும் அவர் குழுவினரும் இதற்கு வழி கண்டனர்; 1992இல் அந்நிறுவனத்தின் 21 அங்குல முழுவண்ணத் திரை வெளிவந்தது. நியான், செனான் வாயுக்கலவை புற ஊதாக் கதிரை வீச, அது சிவப்பு, பச்சை, நீல ஒளிர்பூச்சுகளை ஒளிரச் செய்கிறது. ஒரு படம் நிற்கும் கண நேரத்தை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, 1, 2, 4, 8 என இரட்டித்து 128 வரை ஒளித்துடிப்புகளை வகுத்தால், 256 ஒளிநிலைகள் கிடைக்கின்றன. துடிப்புகளைக் கூட்டிப் பார்ப்பது நம் கண்தான்.

256 போதாதா என்று கேட்கலாம். வெளிச்சத்திற்குப் போதும். ஆனால் தொலைக்காட்சிக் குறியலை படக்குழாயின் இயல்பிற்கேற்ப அமைந்தது; அதனைப் பிளாஸ்மாவுக்கு மாற்றும்போது, இருண்ட நிழல்களுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க நிலைகளே மிஞ்சுகின்றன. பூச்சியத்திற்கும் ஒன்றிற்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் வேண்டுமானால், அருகருகே உள்ள சிற்றறைகளில் சிலவற்றை ஏற்றிச் சிலவற்றை அணைத்து, படத்துக்குப் படம் இடம் மாற்ற வேண்டும். அருகில் உட்கார்ந்தால் நாம் காணும் மணல் அதுவே. பின்வந்த பெட்டிகளில் பகுதிகள் கூடின, மணல் நுண்மையாயிற்று, முற்றிலும் மறையவில்லை.

பானசோனிக் 2013ஆம் ஆண்டு இறுதியில் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது. சாம்சுங்கும் எல்ஜியும் 2014இல் விலகின. ஆகவே இருக்கும் பெட்டியை அறிந்து வைத்துக்கொள்வதே வழி.

எச்.டி.எம்.ஐ. கம்பிவழி ஒரு வட்டைப் போட்டு, இருண்ட காட்சியில் படத்தை நிறுத்திப் பாருங்கள். படம் அசையாமல் நிற்க, புள்ளிகள் மட்டும் இருட்டில் துள்ளினால், அது பெரும்பாலும் திரையின் இயல்பு. நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளினால் போதும். படக்கூர்மையைக் குறைத்தாலும் ஓரளவு அடங்கும். புள்ளிகளும் படத்தோடு உறைந்து நின்றால், அவை படத்திலேயே இருப்பவை. பழைய திரைப்படச் சுருளின் வெள்ளித் துகள்களாகவும் இருக்கலாம். ஆனால் வெளிச்சமான இடங்களிலும், எப்போதும் அதே இடத்தில், சிவப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் மின்னினால் அது பழுதாக இருக்கக்கூடும். அப்போது பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.